களரி கண்ட வீரர் – 12: செஞ்சோற்றுக் கடன்

பதின்மூன்றாம் நாட் போரில் சக்கர வியூகத்துக்குள் புகுந்த அபிமன்யு, வெளியே வரும் வழி அறியாமல் மடிந்ததோடு சென்ற பகுதி நின்றது. ஒருவனைப் பலர் சூழ்ந்து கொல்லலாகாது என்ற போர்நெறி அன்று முறிந்தது. முறித்தவர்களுள் கர்ணனும் ஒருவன். அதன்பின் நான்கு நாள்கள் கடந்துவிட்டன. வீட்டுமர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார், துரோணர் வீழ்ந்துவிட்டார், கௌரவர் படைக்கு இப்போது கர்ணனே தலைவன்.

போரின் பதினேழாம் நாள் விடிகிறது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், அதாவது சூரியன் எழும் பக்கமாகிய எழுவான்கரையிலும் அது படும் பக்கமாகிய படுவான்கரையிலும், இந்த ஒரு நாளின் கதை ‘கர்ணன் போர்’ என்ற பெயரில் இரவு முழுவதும் ஆடப்பட்டு வந்தது. மட்டக்களப்புக் கூத்தின் வடமோடி, தென்மோடி என்ற இரு மரபுகளுள் வடமோடியில் இதற்குத் தனி இடம் உண்டு. வெற்றி பெற்றவனின் பெயரால் அல்லாமல் தோற்றவனின் பெயரால் வழங்கும் கூத்து இது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தப் பகுதியில் கர்ணன் இருமுறை களம் புகுகிறான்: முதலில் வாவிக்கரையின் மண் களரியில், பிறகு 1962ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மேடையில்.

* * *

முடி சூட்டப்பட்ட கணம்

கர்ணனின் கதையில் எல்லாவற்றையும் தீர்மானித்த கணம் போர்க்களத்தில் நிகழவில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், அத்தினாபுரத்தின் அரங்கில், இளவரசர்கள் தங்கள் படைக்கலப் பயிற்சியைக் காட்டிய நாளில் நிகழ்ந்தது.

அருச்சுனனுக்கு நிகராக வில்லேந்தி நின்ற கர்ணனிடம், அவனுடைய குலம் எது, அவன் எந்த நாட்டுக்கு அரசன் என்று கேட்கப்பட்டது. தேரோட்டியின் வீட்டில் வளர்ந்தவனுக்கு விடை இல்லை. அவன் தலை குனிந்த அந்த நொடியில் துரியோதனன் எழுந்து, அங்க நாட்டை அவனுக்குக் கொடுத்து, அதே இடத்தில் முடிசூட்டினான்.

ஐரோப்பாவின் இடைக்கால வீரகாவியங்களைப் படித்தவர்கள் இந்தச் சடங்கை உடனே இனங்காண்பர். அங்கே குதிரையேறிப் போரிடும் உயர்குடி வீரன் ‘நைட்’ எனப்பட்டான். ஒரு பிரபு அவனுக்கு நிலத்தை மானியமாகக் கொடுப்பதும், அதற்கு ஈடாக அவன் அந்தப் பிரபுவின் போர்களில் வாளேந்துவதாகச் சத்தியம் செய்வதும், அந்தச் சத்தியத்தை மீறுதல் பாவங்களுள் பெரிய பாவம் எனக் கருதப்பட்டதும் அச்சமூகத்தின் அடித்தளமாக இருந்தன. வீரமும் கொடையும் சொல் தவறாமையும் பெண்டிரிடம் மரியாதையும் கலந்த அவர்களது நடத்தை நெறியைத் தமிழில் வீரநெறி எனலாம்.

கர்ணன் பெற்ற அங்க நாடு அத்தகைய மானியமே. ஆனால் அதில் ஒரு கூடுதல் உண்டு. ஐரோப்பிய நைட் பெரும்பாலும் நல்ல குடியில் பிறந்தே நிலம் பெற்றான். கர்ணனுக்கோ நிலமும் பெயரும் மானமும் ஒரே கையிலிருந்து, ஒரே கணத்தில் கிடைத்தன. கொடுத்தவன் தீயவன் என்று பின்னர் உலகம் சொன்னபோதும் அவன் அந்தக் கையை விட முடியாமற் போனதற்குக் காரணம் இதுவே.

* * *

இரு அரசர்கள், இரு அரசியர்

அரசனுக்கும் வீரனுக்கும் இடையிலான உறவு சோதிக்கப்படும் இடம் பல இலக்கியங்களிலும் அரசியின் அந்தப்புரமாகவே இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் து துருவா, ஆர்தர் அரசனின் முதன்மை வீரனாகிய லான்சலட்டை அரசி கினிவியரின் காதலனாகப் பாடினார். அக்கதை வளர்ந்து, 1485ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அச்சான தாமஸ் மலோரியின் உரைநடைக் காவியத்தில் பேரழிவாக முடிகிறது: அரசிமேல் எழுந்த ஐயம் மெய்யாகிறது, அரசனும் வீரனும் பகைவராகின்றனர், இருக்கையில் மேல் கீழ் இல்லாத வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்த வீரர் கூட்டம் இரண்டாகப் பிளந்து ஒருவரையொருவர் கொன்று தீர்க்கிறது.

தமிழ்க் கர்ணனின் வாழ்விலும் அத்தகைய ஒரு மாலைப்பொழுது வருகிறது. துரியோதனனின் மனைவி பானுமதியும் கர்ணனும் சூதாடிக்கொண்டிருக்கையில், கணவன் வருவதைக் கண்டு அவள் மரியாதைக்காக எழ, ஆட்டத்தை விட்டு ஓடுகிறாள் என்று எண்ணிய கர்ணன் அவளது மேகலையைப் பற்றி இழுக்கிறான்; நூல் அறுந்து மணிகள் தரையெங்கும் சிதறுகின்றன.

வாசலில் துரியோதனன் நிற்கிறான்.

அவன் வாளை உருவவில்லை. குனிந்து மணிகளைத் தொட்டு, இவற்றைப் பொறுக்கித் தரவா, கோத்தும் தரவா என்ற பொருளில் இயல்பாகக் கேட்கிறான். வில்லிபுத்தூரார் பாரதத்தில் இந்த நிகழ்ச்சியைக் கர்ணனே, தன்னைப் பாண்டவர் பக்கம் அழைக்க வந்த தாய் குந்தியிடம் எடுத்துச் சொல்லி, இவ்வளவு நம்பியவனை விட்டு எப்படி வருவேன் என்று வாதிடுகிறான்.

ஆர்தரின் வட்ட மேசை ஐயத்தால் உடைந்தது. கர்ணனின் உயிர் நம்பிக்கையால் கட்டப்பட்டது. இவ்விரண்டுள் இரண்டாவதே கொடிய தளை என்று சொல்லத் தோன்றுகிறது. ஐயப்படும் அரசனை விட்டு விலகலாம். முழுமையாக நம்பும் அரசனை, அவன் அறமற்றவனாயினும், விட்டு விலகுவது எவ்வாறு?

* * *

செஞ்சோறு

இந்தத் தளைக்குத் தமிழ் வைத்த பெயர் செஞ்சோற்றுக் கடன். ஆதரித்த தலைவனின் சோற்றை உண்டவன், அந்தச் சோற்றுக்குத் தன் உயிரைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது இதன் பொருள்.

வாவிக்கரையில் இச்சொல் பழைய இலக்கியத்தின் சொல்லாக மட்டும் இருக்கவில்லை. படுவான்கரையின் விரிந்த வயல்வட்டைகளில் நிலவுடைமையாளர் போடியார் எனப்பட்டார்; அவருக்காக வயலை முன்னின்று பார்த்தவன் முல்லைக்காரன் எனப்பட்டான். விதைப்பிலிருந்து அறுவடை வரை வயற்கரை வாடியில் தங்கி, யானைக்கும் பன்றிக்கும் இரவிற் காவல் காத்து, போடியார் கொடுத்த நெல்லில் சோறாக்கி உண்டவர்களுக்கு, உண்ட சோறு ஒரு கட்டு என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேளாண்மை வெட்டி முடிந்து, சூடு அடித்து, நெல் வீடு சேர்ந்தபின் அதே மனிதர்களே கூத்துக் களரியைச் சுற்றி அமர்ந்தார்கள். அவர்களுள் ஒருவனே கர்ணனாக ஆடினான். அறம் மறுபக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்தும் சோறிட்டவனின் பக்கம் நிற்கும் ஒருவனை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? பாண்டவர் வெல்ல வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கல்முனைக்கு அருகிலுள்ள பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதித்த அதே மக்கள், களரியில் கர்ணன் விழும்போது அழுதார்கள். இது முரண் அன்று. வெற்றி யாருக்கு உரியது என்பதும் கண்ணீர் யாருக்கு உரியது என்பதும் இருவேறு கேள்விகள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

* * *

தாய் எந்தக் குடி?

கர்ணனின் துயரம் மட்டக்களப்பில் வேறெங்கும் இல்லாத ஆழம் பெறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இத்தொடரில் இதுவரை சொல்லப்படாத காரணம் அது.

மட்டக்களப்புப் பிரதேசத்தின் சமூக அமைப்பு தாய்வழி அமைப்பு. ‘குடி’ எனப்படும் குலப்பிரிவு தந்தையிடமிருந்து வருவதில்லை. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே தாயின் வழியே இறங்கும் இரத்தத் தொடர்ச்சியை ‘வயிற்றுவார்’ என்று வழங்குவர். கோயிலில் எந்தத் திருவிழா எவருக்கு உரியது, வண்ணக்கராக, அதாவது கோயில் நிருவாகியாக, எவர் அமரலாம், எவரை எவர் மணக்கலாம் என்பவையெல்லாம் குடியைக் கேட்டே முடிவாயின. வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகச் சென்றன. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முக்குவர் சட்டம் எனப்படும் பழைய வழக்காறு இந்தத் தாய்வழி உரிமையைச் சொத்துரிமையிலும் நிலைநாட்டியிருந்தது.

இப்படிப்பட்ட மண்ணில், தாய் யார் என்று அறியாதவன் எவன்?

அவன் குடியற்றவன். தந்தை அறியாதவனுக்கு நேரும் அவமானத்தைவிட இங்கே அது பெரியது. அவனுக்குக் கோயிலில் இடமில்லை, பந்தியில் வரிசையில்லை, இறந்தால் உரிமைகொண்டாட வயிற்றுவார் இல்லை. அத்தினாபுரத்து அரங்கில் கர்ணனிடம் கேட்கப்பட்ட கேள்வி வாவிக்கரைப் பார்வையாளரின் காதில் தவிர்க்கவியலாமல் வேறொரு கேள்வியாகவே ஒலித்திருக்கும்: உன் தாய் எந்தக் குடி?

போருக்கு முன் குந்தி தன் மகனைத் தேடி வரும் காட்சியை இந்த வெளிச்சத்தில் மெதுவாகப் பார்க்க வேண்டும்.

வில்லிபாரதம் அந்தக் காட்சியில் ஒரு சோதனையை வைக்கிறது. தானே தாய் என்று பொருளாசையால் முன்னரும் சில பெண்கள் வந்ததுண்டு. தேவர்கள் அளித்த துகில் ஒன்றை அவர்களிடம் கொடுத்தபோது அது பொய் சொன்னவர்களை எரித்துவிட்டது. அந்தத் துகிலையே கர்ணன் இப்போது குந்தியிடம் கொடுக்கிறான்.

குந்தி அதை வாங்கிப் போர்த்திக்கொள்கிறாள்.

துகில் எரியவில்லை.

வாழ்நாள் முழுவதும் அவன் தேடிய குடியும் பெயரும் தம்பியர் ஐவரும் ஒரு மூத்த மகனுக்குரிய அரசுரிமையும் அந்த ஒரு கணத்தில் அவன் முன் வந்து நிற்கின்றன. கேட்டால் எல்லாம் கிடைக்கும்.

கர்ணன் கேட்கவில்லை. தாய் கேட்ட வரங்களை மட்டும் கொடுக்கிறான்: நாகக்கணையை அருச்சுனன்மேல் ஒருமுறைக்கு மேல் தொடுப்பதில்லை, அருச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்வதில்லை. அவனும் பதிலுக்கு ஒன்றைக் கேட்கிறான்: தான் களத்தில் விழுந்தபின், எல்லோரும் காண அவள் தன்னை மடியில் ஏந்தி, மகனே என்று அழ வேண்டும்.

உயிரோடிருக்கையில் தலைவனின் பக்கமும், இறந்தபின் தாயின் மடியும் என்று அவன் தன்னை இரண்டாகப் பங்கிட்டுக் கொடுத்தான். செஞ்சோற்றுக் கடனும் வயிற்றுவாரும் ஒன்றோடொன்று மோதும்போது எது வெல்லும் என்ற கேள்விக்கு, இரண்டையும் தோற்கவிடாமல் தானே தோற்பது என்ற விடையை அவன் கண்டான். இடைக்கால ஐரோப்பாவின் எந்த வீரனுக்கும் இத்தனை கடுமையான கணக்கு நேரவில்லை என்பது துணிந்து சொல்லத்தக்கது.

* * *

கரப்புடுப்பு அணிந்தவன்

களரியில் கர்ணன் எப்படித் தோன்றினான்?

களரி என்பது கோயில் முன்றலிலோ ஊர்ப் பொதுவெளியிலோ மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிக் கம்புகள் நட்டு, மேலே வெள்ளை கட்டிய அரங்கு. நடுவே மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார். அண்ணாவியார் எனப்படுபவர் கூத்தைப் பழக்கி, பாடி, தாளத்தால் நடத்திச் செல்லும் ஆசான். அவர் அருகே சல்லரி எனப்படும் கைத்தாளம் தட்டுபவரும், ஏடு பார்ப்பவரும், ஆட்டக்காரரின் பாட்டைத் தொடர்ந்து பாடும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். ஆட்டக்காரர் அவர்களைச் சுற்றி ஆட, ஊர் முழுவதும் களரியைச் சுற்றி அமர்ந்து பார்க்கும்.

அரச வீரன் வடமோடியில் அணிவது கரப்புடுப்பு. வாவியின் ஆழங்குறைந்த நீரில் மீனின்மேல் கவிழ்த்துப் பிடிக்க உதவும், மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த கூடைக்குக் கரப்பு என்று பெயர். அந்த உருவில் வளையங்கள் வைத்து விரித்த பாவாடை போன்ற உடுப்பே கரப்புடுப்பு. தோளில் புசகீர்த்தி, மார்பில் பதக்கம், தலையில் உயர்ந்த கிரீடம், காலில் சதங்கை. பகலில் கரப்பால் மீன் பிடித்தவன் இரவில் கரப்பை உடுத்து அங்க நாட்டு மன்னனானான். வாவிக்கரை தன் வீரனுக்கு உடுப்புச் செய்யத் தன் கையிலிருந்த வடிவத்தையே எடுத்தது என்பதைவிட இந்தக் கலையின் வேரைக் காட்டும் சான்று வேறு தேவையில்லை.

இந்த வேடத்தை ஒருவன் ஒரே நாளில் அணிந்துவிட முடியாது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பாத்திரத்துக்கு ஆள் தெரிந்து, பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டின் பகுதியை அவரவர் கையில் கொடுப்பது சட்டம் கொடுத்தல் எனப்படும். பின்னர் மாதக்கணக்கில் இரவுதோறும் பழக்கம், அது தேறியதும் சதங்கை அணியும் விழா, கூத்து முழுவதையும் வரிசையாக ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். ஐரோப்பாவில் நைட் ஆகவிருக்கும் இளைஞன் முந்திய இரவு முழுவதும் கோயிலில் விழித்திருந்து நோன்பு காத்து, மறுநாள் தலைவனின் கையால் வாளும் குதிமுள்ளும் பெற்றான். வாவிக்கரை இளைஞன் ஊரறியச் சதங்கை பெற்றான். சதங்கை கட்டியவன் இடையில் விலகினால் அது ஊருக்கே இழுக்கு.

கர்ணனின் வரவு, அதாவது களரிக்குள் அவன் முதன்முதலாகப் புகும் நுழைவு, உரத்த தாளக்கட்டில் தொடங்கும். முன்னே வெள்ளைத் துணி பிடிக்கப்பட்டிருக்கும். அது விலகியதும் வீசாணம், எட்டு, நாலடி, குத்துமிதி என ஆட்ட வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகம் கொள்ளும். போர்க்களத்தில் தேரும் குதிரையும் பெரும்பாலும் ஆட்டக்காரனின் காலிலேயே பிறக்கின்றன. தேர் ஓடுகிறது என்றால் கால் ஓடுகிறது. தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தது என்றால், இரவெல்லாம் மத்தளத்தோடு பேசிக்கொண்டிருந்த அந்தச் சதங்கை வாய் மூடுகிறது.

அதுவரை நிகழ்ந்ததெல்லாம் அந்த மௌனத்துக்கான ஆயத்தமே. நாகக்கணை அருச்சுனனின் கழுத்துக்குக் குறிவைத்து வந்தபோது கண்ணன் தேரை மண்ணில் அழுத்த, அது முடியை மட்டும் தட்டிச் சென்றது. மீண்டும் தொடுக்குமாறு நாகம் வேண்டியபோது கர்ணன் தாய்க்குக் கொடுத்த சொல்லை நினைத்து மறுத்தான். தேரோட்டியாக நின்ற சல்லியன் சினந்து இறங்கிச் சென்றான். எல்லாம் போனபின்னும் உயிர் போகவில்லை, அவன் செய்த தருமம் அதைக் காத்து நின்றது. கண்ணன் கிழ வேதியனாக வந்து அந்தத் தருமத்தையே தானமாகக் கேட்டான். கர்ணன் தன் குருதியைத் தாரையாக வார்த்துக் கொடுத்தான்.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் குந்தி களத்துக்கு ஓடிவருகிறாள். சூரியனின் மகன் வீழ்ந்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகத்தில், வாவியின் கிழக்கே எழுந்த சூரியனின் ஒளி விழும்.

* * *

அண்ணாவிமாரும் பன்னிரு வீரரும்

ஐரோப்பிய வீரர்களைப் பற்றிய ஒப்பீடு புறத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டிய ஒன்று என எவரேனும் கருதலாம். அண்ணாவிமாரின் வரலாறு அவ்வாறு கருத இடம் தரவில்லை.

கேரளத்தின் கொச்சிக் கரையோரக் கத்தோலிக்கரிடையே சவிட்டு நாடகம் என்றொரு கூத்து உண்டு. பலகை மேடை அதிரக் காலால் மிதித்து ஆடுவதால் அப்பெயர். அதன் புகழ்பெற்ற நாடகம் ‘காரல்மான்’: பிராங்கியரின் பேரரசன் சார்ள்மேனும், ரோலண்ட் முதலான அவனுடைய பன்னிரு வீரரும் நிகழ்த்திய போர்களின் கதை. அதனை இயற்றியவர் தமிழரான சின்னத்தம்பி அண்ணாவி என்பது அம்மரபின் கூற்று. அதன் மொழியும் தமிழ் மிகுந்து மலையாளம் கலந்த மொழி.

வரலாற்று ரோலண்ட் 778ஆம் ஆண்டு பிரனீஸ் மலைக் கணவாயில், படையின் பின்னணியைக் காத்து வருகையில் பாஸ்க்குகளின் கையால் மடிந்தவன். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த பிரெஞ்சுக் காவியம் அவனைத் தன் அரசனுக்காக உயிர்விட்ட பெருவீரனாக்கியது. போர்த்துக்கேயரின் கப்பல்களில் ஏறி வந்த அந்தக் கதை, தமிழ் அண்ணாவி ஒருவரின் தாளத்தில் இறங்கியது. இலங்கையிலும் கத்தோலிக்கக் கூத்து மரபு ‘என்றீக்கு எம்பரதோர்’ என்று ஒரு பேரரசனைப் பாடியது. ‘எம்பரதோர்’ என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவமே.

ஆக, தலைவனுக்காக மடியும் வீரனை எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாலும் அவனுக்கு வரவும் தாளக்கட்டும் அமைத்துவிடும் திறன் அண்ணாவிமாரிடம் இருந்தது.

* * *

1962

1956ஆம் ஆண்டு இலங்கையின் பண்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டின் நவம்பரில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். கிராமங்களில் நலிந்துகொண்டிருந்த நாடகம் என்ற பாட்டுக்கூத்து வடிவத்தை எடுத்து, நவீன பார்வையாளருக்கு உரியதாக்கிய படைப்பு அது. சிங்கள அரங்கு தன் முகத்தைக் கண்டுகொண்டது என்று அது கொண்டாடப்பட்டது.

அந்தச் சிங்கள நாடக வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருந்தது. இதை நன்கு உணர்ந்தவர் அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன். தெல்லிப்பழையில் பிறந்த அவர் மட்டக்களப்பு மண்ணுக்குப் புதியவர்; ஆனால் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராகக் கூத்தூர்களுக்குச் சென்றார், அண்ணாவிமாரைக் கூட்டினார், போட்டிகளை நடத்தினார், ஏடுகளைத் தேடினார். 1962ஆம் ஆண்டு மட்டக்களப்புத் தென்மோடிக் கூத்தாகிய ‘அலங்காரரூபன் நாடகம்’ அவரது பதிப்பில் அச்சேறியது. எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

ஏட்டைக் காப்பதோடு வித்தியானந்தன் நின்றிருக்கலாம். ஆயினும் ஆடப்படாத கூத்து வெறும் பாட்டுத் தொகுதியாகிவிடும். அதன் உயிர் காலிலும் மத்தளத்திலும் இருந்தது.

எனவே பல்கலைக்கழக மாணவர்களே ஆடுவது என்று முடிவாயிற்று. எந்தக் கூத்தை முதலில் எடுப்பது?

தேர்ந்தெடுக்கப்பட்டது ‘கர்ணன் போர்’.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கேயுள்ள வந்தாறுமூலையின் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். ஆடிய மாணவருள் ஒருவர் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவரே. அக்காலத்தில் படித்தவர் பலர் கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கியிருந்தனர். அந்த ஒதுக்கலை உடைக்க, விரிவுரை மண்டபத்தில் அமரும் இளைஞன் சதங்கை கட்ட வேண்டியிருந்தது, மண் களரியில் நிற்கும் அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்கு ஆசானாக வர வேண்டியிருந்தது. இரண்டும் நிகழ்ந்தன. எழுத்தறிவு மிக்க அவையின்முன் ஓர் ஊர்ப்புற ஆசானின் அறிவு தலைநிமிர்ந்து நின்றது என்பதே 1962இன் பெரும் பேறு.

விலை ஒன்றும் கொடுக்கப்பட்டது. அதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. இரவு முழுவதும் நிகழ்ந்த கூத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வரும் பாடல்கள் குறைந்தன, ஆட்டம் செறிவாக்கப்பட்டது. வட்டக் களரியில் நான்கு புறமும் அமர்ந்திருந்த ஊர், படச்சட்ட மேடையில், அதாவது திரையும் சட்டமும் கொண்ட ஒருமுக மேடையில், ஒரு பக்கத்துக்கு ஒதுங்கியது.

விடியல் போயிற்று. கர்ணன் இப்போது இரவு உணவு வேளைக்கு முன்பே மடிந்தான்.

ஆயினும் அவன் மடிந்ததைக் கண்டு, நாட்டின் பல பாகங்களிலும் அவை கலங்கியது. களரியில்லாமலும் விடியலில்லாமலும் தாயின் மடி அவனுக்குக் கிடைத்தது. செஞ்சோற்றுக் கடனின் வலிமை அந்தச் சுருக்கத்தையும் தாங்கி நின்றது என்பதே இத்தொடரின் தீர்ப்பு. அதேவேளை, கூத்தின் இடம் ஊர்க்களரியே, அதை மேடைக்கு ஏற்ற வெட்டுவதைவிட ஊரோடு சேர்ந்து உள்ளிருந்து புதுப்பிப்பதே முறை என்று பிற்காலத்தில் சி. ஜெயசங்கர் போன்றோர் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கப் பணியில் இறங்கியபோது எழுப்பிய வாதத்துக்கும் வலு உண்டு. அது தனிப் பகுதியாகப் பின்னர் வரும்.

* * *

மேடையில் அடுத்தவன்

கர்ணன் போருக்குப் பின், 1963ஆம் ஆண்டு ‘நொண்டி நாடகம்’ வந்தது. அதற்கடுத்து அந்தக் குழு கையிலெடுத்த பாத்திரம் எவரும் எளிதில் துணியாத ஒன்று.

இலங்கை வேந்தன் இராவணன்.

கர்ணன் தலைவனுக்காக மடிந்தவன். தலைவனின் குற்றத்துக்கு அவன் பொறுப்பாளி அல்லன் என்று அவனுக்காக அழுதவர்கள் தம்மைத் தேற்றிக்கொள்ளலாம். இராவணனோ தானே தலைவன். அவனுடைய செஞ்சோற்றுக் கடனுக்காகக் கும்பகர்ணனும், தந்தைக்காக இந்திரசித்தனும் களத்தில் விழுந்தனர். குற்றமும் அவனுடையது, கொற்றமும் அவனுடையது.

சோறு உண்டவனை வீரன் என்று ஏற்று அழுத மக்கள், அந்தச் சோற்றை இட்டவனையும் வீரன் என்று ஏற்பார்களா? தம்பியையும் மகனையும் இழந்து தனியே நிற்கும் ஒரு மன்னனுக்கு, எந்தத் தாளத்தில் வரவு அமைப்பது?

‘இராவணேசன்’ மேடையேறியது. அதன் கதை அடுத்த வாரம்.